பெட்டிக்குக் காது கிடையாது

டெலிபோன் அடித்தது.

1997 நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று மணி இருபத்திரண்டு நிமிடம்.

கடைக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் நேரத்தோடு நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நான் ரேடியோ, டி.வி. பழுது பார்ப்பவன். ஒரு சத்தம் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு கம்பி இருக்கும் என்று நம்பிப் பிழைப்பவன். அயர்லாந்தின் மேற்கோரம், மேயோவில், எங்கள் கில்டாரா பங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஜார்லத் கதை கட்டுகிற ஆள் இல்லை என்று. ஆனால் அந்த வாரம் மூன்று நாள் ஒரு சத்தம் வந்தது. அதன் கம்பியை நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

அழைத்தது மிக் டார்பி. இரண்டு காலும் விளங்காமல் ஆறு வருடமாகப் படுக்கையில் கிடப்பவர். வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது.

"ஏன்டா ஜார்லத், செவ்வாய்க்கிழமையில எவன் வீட்டுப் பிள்ளைக்குடா ஞானஸ்நானம்? கதவைத் திறந்து விடுங்கடா. பிள்ளை மழையில கிடந்து கத்துது."

எங்கே கேட்டது என்றேன். கோவில் பெட்டியில்தான் என்றார். மூன்று பத்துக்குப் பெட்டி தானாகப் பேச ஆரம்பித்ததாம். சோவென்று மழை. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை. ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு டக்கென்று நின்றுவிட்டது.

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே வெயில். விடியற்காலை விழுந்த உறைபனி வேலி நிழலில் இன்னும் வெள்ளையாக இருந்தது. மூன்று நாளாக ஒரு சொட்டு மழை இல்லை.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோவிலில் ஒரு சின்ன ஒலிபரப்புக் கருவி உண்டு. 1989-ல் நான்தான் பொருத்தினேன். நடந்து பூசைக்கு வர முடியாதவர்கள் வீட்டில் ஆளுக்கொரு பழுப்புநிறப் பெட்டி. மொத்தம் நாற்பத்தொன்று. பீடத்தில் சாமியார் பூசை வைத்தால் படுக்கையில் இருப்பவர்களுக்குக் கேட்கும். வேறு எந்த நிலையமும் அதில் எடுக்காது. பூசைக்கு இடையே பெரியவர்கள் பெட்டியைப் பார்த்து 'ஆமென்' சொல்வார்கள். நானும் பொருத்தும்போதே எல்லாரிடமும் விளக்கிவிடுவேன்: இதற்கு வாய் உண்டு, காது கிடையாது, நீங்கள் சொல்வது அங்கே போகாது. மிக் டார்பி அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். பேசும், கேட்காது, அப்படியே நம்ம பழைய பங்குச் சாமியார் கேனன் மாதிரி என்பார்.

போனை வைத்ததும் மறுபடி அடித்தது. மூன்று இருபத்தாறு. இந்த முறை என் வீட்டிலிருந்து. அட்ராக்டா.

அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், எழுபத்து நாலு வயது, ஓய்வு பெற்ற மருத்துவச்சி. நான் கடையில் இருக்கும் நேரத்தில் அம்மாவுக்குத் துணை. அம்மா பதினைந்து நாளாகத் தலையணையை விட்டுத் தலை தூக்கவில்லை. டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

"உங்கம்மா எழுந்து உட்கார்ந்துட்டா," என்றார் அட்ராக்டா. "பெட்டியையே பார்த்துட்டு இருக்கா. எனக்குப் பிடிக்கல. நீ வா."

வீட்டுக்குப் போகுமுன் கோவிலுக்குப் போனேன். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பங்குச் சாமியார் ஃபாதர் மாலக்கி காலைப் பூசை முடிந்ததும் ஆயரைப் பார்க்க டவுனுக்குப் போயிருந்தார். கோவில் பூட்டியிருந்தது. சாவி இரண்டு. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம்.

ஒலிபரப்புக் கருவி இருப்பது வாசலுக்கு இடப்பக்கம் ஒரு சின்ன அறையில். ஒரு காலத்தில் அதுதான் ஞானஸ்நான அறை. 1974-ல் சபையின் புதிய முறைப்படி கல் தொட்டியைப் பீடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். தொட்டி நின்ற இடத்தில் தரையில் வட்டமாக ஒரு தடம் மட்டும் மிச்சம். குழந்தைகளை வெளியிலிருந்து நேரே கொண்டு வருவதற்கென்று வடக்குச் சுவரில் ஒரு தனிக் கதவு இருந்தது. அதையும் அப்போதே எடுத்துவிட்டுக் கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். இப்போது அங்கே துடைப்பங்கள், உடைந்த நாற்காலிகள், அலமாரியில் என் கருவி.

கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

காலைப் பூசைக்குப் பிறகு பத்தேகாலுக்கு அதை நான் கையால் அணைத்துவிட்டுப் போனவன்.

சரி, மறதி என்று வைத்துக்கொண்டேன். குழந்தை அழுகைக்கும் ஒரு கணக்குச் சொல்லலாம். குழந்தை அழுதால் அடுத்த அறைக்குக் கேட்கும்படி தொட்டில் பக்கத்தில் வைக்கும் ஒலிக்கருவிகள் இப்போது வந்துவிட்டன. அவை சில சமயம் நம் அலைவரிசைக்குள் நுழையும். பங்கில் கைக்குழந்தை இருப்பது ஒரே வீட்டில், பள்ளிக்கூட வாத்தியாரின் வீட்டில். போகிற வழியில் நிறுத்திக் கேட்டேன். மனைவியும் குழந்தையும் போன வாரமே கால்வேயில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அந்த வீட்டில் அப்படிப்பட்ட கருவியே இல்லையாம்.

நோட்டில் எழுதினேன்: காரணம் தெரியவில்லை.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

அம்மாவின் பெயர் டீலியா. எழுபத்தாறு வயது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனவர். படுத்த பிறகு பெட்டியில் கேட்டவர். ஆனால் நன்மை, அதாவது பூசையில் சாமியார் கொடுக்கும் நற்கருணை அப்பம், வாங்கப் போகமாட்டார். எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது அம்மா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நாற்பத்தெட்டு வருடம் அப்படி. எனக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை பிறந்து அன்றைக்கே இறந்தது. ஞானஸ்நானம் ஆகவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளை மந்திரித்த மண்ணில் புதைக்க அந்தக் காலத்தில் சபை விடாது. எல்லா ஊரிலும் அதற்கென்று ஒதுக்குப்புறமாக ஒரு மேடு உண்டு. சிலுவை இருக்காது, பெயர் இருக்காது, செதுக்காத கல் ஒன்று இருக்கும். எங்கள் ஊரில் அது கிலீன் மேடு.

எனக்கு வயது நாற்பத்தாறு. ஆறடி உயரம். அம்மா என்னை இதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் 'சின்னவனே'தான்.

அந்த அக்டோபரில் ஃபாதர் மாலக்கி அவஸ்தை பூச, அதாவது சாகும் தறுவாயில் செபித்துப் பூசும் எண்ணெயோடு, நாலு முறை வீட்டுக்கு வந்தார். நாலு முறையும் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். என் பிள்ளையை உள்ளே விடட்டும், அப்புறம் நான் உள்ளே வருகிறேன் என்றார். அது மட்டுமில்லை. அப்பாவின் கல்லறையில் தன்னை வைக்கக் கூடாது, கிலீன் மேட்டில்தான் வைக்க வேண்டும் என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் கொடுக்கவில்லை. அப்பா பதினாலு வருடமாகக் கோவில் முற்றத்தில் தனியாகக் கிடக்கிறார். கல்லில் அம்மாவின் பெயருக்கு இடம் விட்டுத்தான் செதுக்கியிருக்கிறார்கள். சிலுவை இல்லாத மேட்டில் பெற்றவளைத் தள்ளிவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. சாவதற்குள் அவர் மனம் மாற வேண்டும். அது ஒன்றுதான் என் கவலை. பேயைப் பற்றியெல்லாம் நான் நினைக்கவே இல்லை.

நவம்பர் 5, புதன்கிழமை.

பூசை முடிந்ததும் கருவியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிக் கீழே போட்டேன். அறையைப் பூட்டினேன். கோவிலைப் பூட்டினேன். இரண்டு மணிக்குக் கடையை மூடிவிட்டு அம்மாவின் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அட்ராக்டா கணப்பின் அருகே பின்னிக்கொண்டிருந்தார். பெட்டி ஜன்னல் விளிம்பில் இருந்தது.

மூன்று மணி. ஒன்றும் இல்லை.

மூன்று ஐந்து. அம்மா கண்ணைத் திறந்தார்.

மூன்று பத்து...

பெட்டி லேசாக இரைந்தது. பிறகு மழை. ஓடு போட்ட கூரையில் விழும் கனத்த மழை. வெளியே சலனமில்லாத வெயில்.

தட்... தட்... தட்...

கனமான மரக்கதவின் மேல், மூடிய கையால். நிதானமாக. அடுத்து அழுகை. ஆரோக்கியமான குழந்தையின் அழுகை இல்லை அது. பூனைக்குட்டி போல, விட்டு விட்டு.

அட்ராக்டாவின் கையிலிருந்து ஊசி விழுந்தது.

மூன்று பதினொன்று. நேற்று இல்லாத ஒரு சத்தம். இரும்புத் தாழ்ப்பாள் விலகியது. கதவின் கீல் முனகியது. கல்தரையில் யாரோ ஒருவர் நடந்து வந்தார். ஒரு காலை லேசாக இழுத்து. பிறகு ஒரு குரல். வயதான, கரகரத்த ஆண் குரல். லத்தீனில்.

சிறுவயதில் நான் பூசைக்கு உதவி செய்தவன். ஞானஸ்நானச் சடங்கின் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம். *இந்தக் குழந்தைக்கு என்ன பெயர்?*

பதில் வரவில்லை. மழை பெய்தது. குரல் மறுபடி கேட்டது. மறுபடியும் பதில் இல்லை. அழுகை தேய்ந்தது... இன்னும் தேய்ந்தது... நின்றது.

டக்.

மூன்று பதினைந்து.

எனக்கு முதலில் வந்தது கோபம். எவனோ விளையாடுகிறான் என்று எழுந்தேன். அட்ராக்டா என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போனார். அவர் முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"காலை இழுத்து நடந்தது யாருன்னு தெரியுதா உனக்கு? கேனன் டெவனி."

கேனன் டெவனி எங்கள் பழைய பங்குச் சாமியார். நான் அவரைப் பார்த்திருக்கிறேன். 1962-ல் அவரை மண்ணில் இறக்கியபோது பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நின்ற சிறுவர்களில் நானும் ஒருவன்.

அன்றைக்குத்தான் அட்ராக்டா எனக்கு முழுக்கதையும் சொன்னார். அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

1949 நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. நல்ல மழை. குழந்தை பகல் ஒரு மணிக்குப் பிறந்தது. தாங்காது என்று பார்த்தவுடனே மருத்துவச்சிக்குத் தெரிந்துவிட்டது. ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஒரு கை தண்ணீர், ஒரு வாக்கியம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் வேறொரு வீட்டில் அட்ராக்டா அப்படித் தண்ணீர் ஊற்றியிருந்தார். அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. உனக்கு யாரடி குருப்பட்டம் கொடுத்தது என்று கேனன் பூசை நடுவில், ஊரே பார்க்க, பீடத்திலிருந்து கேட்டார். இருபத்தாறு வயசுப் பெண். கூனிக் குறுகிப்போனார். அதனால் இந்த முறை தண்ணீரைத் தொடவே பயம். கோவில் ஒரு மைல்தானே, தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அப்பா கோட்டுக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு ஓடினார். வடக்குக் கதவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று பத்து.

கேனன் அப்போது தன் வீட்டில் ரேடியோ முன்னால் இருந்தார். அவருக்கு ரேடியோ என்றால் உயிர். 1932-ல் டப்ளினில் நற்கருணை மாநாடு நடந்தபோது, ஊரின் முதல் ரேடியோவை வாங்கி ஜன்னலில் வைத்தவர் அவர். வயல்வெளியில் ஊரே முழங்காலில் நின்று ரோமிலிருந்து வந்த பாப்பரசரின் குரலைக் கேட்டதாம். ஒருநாள் ஒவ்வொரு வீட்டுக்கும் இதன் வழியாகத்தான் வேதம் வரும் என்பாராம் அவர். அந்த ஞாயிற்றுக்கிழமையும் ரோமிலிருந்து ஏதோ ஒலிபரப்பு. வேலைக்காரி அப்பாவிடம் வந்து, இதோ முடிந்துவிடும், கேனன் வந்துவிடுவார் என்றாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி வந்து அதையே சொன்னாள்.

இதோ வருகிறார், இதோ வருகிறார் என்று அப்பா இருபது நிமிடம் நின்றார்.

"மழை, ஜார்லத். உங்கப்பா தொப்பியிலிருந்து பிள்ளை நெத்தியில சொட்டிக்கிட்டே இருந்திருக்கு. அவ்வளவு தண்ணி. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தா முடிஞ்சது. சாமியார்தான் வந்துட்டு இருக்காரே, நாம எதுக்குன்னு நின்னுட்டார்."

கேனன் மூன்று முப்பதுக்கு வந்தார். கோட்டைத் திறந்து பார்த்தார். செத்த பிள்ளைக்கு ஊற்ற முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. இருட்டுவதற்குள் அப்பா ஒரு வெண்ணெய்ப் பெட்டியில் குழந்தையை வைத்து, கிலீன் மேட்டுக்குத் தனியாகப் போனார்.

குழந்தைக்கு என்ன பெயர் வைப்பதாக இருந்தார்கள் என்று கேட்டேன். அது டீலியாவுக்கு மட்டும்தான் தெரியும் என்றார் அட்ராக்டா. அவரும் கேட்டிருக்கிறார். அம்மா சொன்னதில்லை.

அம்மாவிடம் போனேன். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் என்ன அம்மா என்றேன்.

"நாளைக்கு நீ அங்க போய் நில்லு, சின்னவனே," என்றார். "உங்கப்பா அன்னைக்குத் தனியா நின்னார்."

நவம்பர் 6, வியாழக்கிழமை.

காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு என்றார். ஃபாதர் மாலக்கி மதியமே வந்து சமையலறையில் உட்கார்ந்துகொண்டார். கூப்பிட்டால் போவதற்குத் தயாராக, பையில் எண்ணெயோடு. முப்பத்தேழு வயது மனிதர். நல்லவர். நடந்ததை அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. போய்விட்டு வா என்றார்.

இரண்டு ஐம்பதுக்குக் கோவிலைத் திறந்தேன். உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டேன். ஞானஸ்நான அறையில் கருவியின் பிளக் நேற்றுப் போட்ட இடத்திலேயே தரையில் கிடந்தது. அதைக் கழற்றி உள்ளேயிருந்த ஃப்யூஸையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வானலைக்கம்பியையும் பிடுங்கினேன். கடையில் சோதனைக்கென்று வைத்திருந்த இன்னொரு பழுப்புப் பெட்டியைக் கொண்டு வந்திருந்தேன். பேட்டரியில் ஓடுவது. அதை அலமாரியில் வைத்தேன்.

அந்த அறைக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல். தரையில் வட்டத் தடம். நிற்க வேறு இடம் இல்லை. வட்டத்துக்குள்தான் நின்றேன்.

மூன்று மணி. என் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது.

மூன்று ஏழு. ஜன்னல் வெளிச்சம் மங்கியது. மேகம் என்று நினைத்தேன்.

மூன்று பத்து.

பெட்டி இரைந்தது. மழை.

பெட்டியின் சத்தத்தைக் குறைத்தேன். மழை குறையவில்லை.

பெட்டியை அணைத்தேன்.

மழை பெய்துகொண்டிருந்தது. என் தலைக்கு மேலே, ஓட்டில்.

தட்... தட்... தட்...

வடக்குச் சுவர். கல் வைத்துக் கட்டிய சுவர். கல்லைத் தட்டினால் அப்படிச் சத்தம் வராது. மரம். அது மரக்கதவின் சத்தம்.

குழந்தை அழுதது. கையெட்டும் தூரத்தில்.

ஈரக் கம்பளிக் கோட்டின் வாசனை வந்தது. அதோடு புகையிலை. அப்பாவின் புகையிலை.

தாழ்ப்பாள் விலகியது.

எனக்குப் பின்னால் கால் இழுபட்டது. ஒரு அடி... இன்னொரு அடி... நின்றது.

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

குரல் கேட்டது. லத்தீனில், என் பிடரிக்குப் பின்னால். என்ன பெயர்?

சுவர்ப்பக்கம் யாரோ தேம்பினார்கள். ஆண்பிள்ளையின் தேம்பல்.

என்ன பெயர்?

வாயைத் திறந்தேன். எனக்குப் பெயர் தெரியாது.

குழந்தையின் அழுகை தேய ஆரம்பித்தது...

மூன்று பன்னிரண்டு.

அலமாரியில் நான் அணைத்து வைத்திருந்த பெட்டி பேசியது.

"ஜார்லத்."

அம்மா. படுக்கையிலிருந்து இழுத்து இழுத்துப் பேசும் குரல் இல்லை. இளம் குரல். தெளிவான குரல். என் வாழ்நாளில் முதல் தடவையாக அம்மா என் பெயரைச் சொல்லிக் கேட்டேன். போய்விட்டார், போகும்போது என்னைக் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

பின்னால் இருந்த குரல் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது.

பிதா...

என் உச்சந்தலையில் ஐஸ் போலத் தண்ணீர் விழுந்தது.

சுதன்...

மறுபடி.

பரிசுத்த ஆவி...

மறுபடி.

அழுகை நின்றது. நேற்றுப்போல் தேய்ந்து நிற்கவில்லை. மார்பில் போட்டதும் பிள்ளை நிறுத்துமே, அப்படி.

மூன்று பதினாலு.

கதவை எப்படித் திறந்தேன், வேனை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. பாதி வழியில்தான் நெற்றியைத் துடைத்தேன். கை நனைந்தது. காது வழியாகச் சொட்டி என் சட்டைக் காலர் முழுக்க ஈரம். சாலை காய்ந்து கிடந்தது. ஒரு வளைவில் எதிரே மாடுகள் வந்து மறித்தன. அவை கடந்து போக ஒரு யுகம் ஆயிற்று.

வீட்டுக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரம் ஓடவில்லை. எங்கள் பக்கம் சாவு வீட்டில் முதலில் செய்வது அதுதான். அட்ராக்டா அதை மூன்று முப்பத்தொன்றில் நிறுத்தியிருந்தார்.

ஃபாதர் மாலக்கி அறை வாசலில் நின்றார். கழுத்தில் ஊதா நிறத் துணி. கட்டைவிரலில் எண்ணெய் மினுங்கியது. அம்மாவே கூப்பிட்டார் என்றார். மூன்று பதினைந்துக்கு. இப்போ வாங்க ஃபாதர் என்று. பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார், அவஸ்தை பூசிக்கொண்டார், நன்மை வாங்கினார். மண்ணைப் பற்றியும் பேசினாராம். உங்கப்பா பக்கத்திலேயே வைக்கச் சொல்லு, இனிமேல் எங்கே இருந்தால் என்ன என்று.

நான் கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். நிம்மதியாக அழுதிருக்க வேண்டும். அழுகை வரவில்லை.

ஃபாதர் என் நனைந்த தலையைப் பார்த்தார். பெட்டியில் கடைசிவரை எல்லாம் கேட்டதாகச் சொன்னார். அந்தப் பழைய லத்தீன் சடங்கு மாறியபோது தனக்கு ஒன்பது வயது என்றார். அங்கே யார் இருந்தார்கள், கருவியைப் போட்டது யார் என்று கேட்டார். நான் சட்டைப்பையிலிருந்து ஃப்யூஸை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

டெலிபோன் அடித்தது. மிக் டார்பி. அம்மா விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது.

"பெட்டியில கேட்டேன்டா. நாப்பத்தாறு வயசுல உனக்கு எதுக்குடா திரும்ப ஞானஸ்நானம்? முதல்ல ஊத்தினது ஒட்டலையா?"

போனை வைத்துவிட்டேன்.

அம்மா நேராகப் படுத்திருந்தார். முகம் சுவர்ப்பக்கம் இல்லை. பழுப்புப் பெட்டி ஜன்னலில் இல்லை. தலையணைமேல், அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அட்ராக்டா செபமாலையை அம்மாவின் விரல்களில் சுற்றிக்கொண்டிருந்தார். பெட்டியை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். டீலியா கேட்டாள், வைத்தேன் என்றார். அது பேசும், கேட்காது என்று அவரும் சொல்லிப் பார்த்தாராம். தெரியும், கொண்டு வா என்றாராம் அம்மா. பெட்டியின் மேல் வாயை வைத்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். மூன்று பன்னிரண்டுக்கு.

"எனக்குக் கேட்டுச்சு," என்றேன். "என்னைக் கூப்பிட்டாங்க."

அட்ராக்டா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். என் ஈரத் தலையைப் பார்த்தார்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். கோவில்லதான் இருக்கான், ஆளனுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்லவான்னு கேட்டேன். இல்லைன்னு தலையை ஆட்டினா. 'சின்னவன் இல்ல அட்ராக்டா, மூத்தவன். பேரு அவனோடது... இவனுக்கு இரவலாத்தான் குடுத்து வச்சிருந்தேன்'னா."